தொற்றியது உண்மை, பரவியது பொய்

போன வாரம் பெரியம்மாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் குடும்பக் குழுவில் சிவப்பு எழுத்தில் ஒரு படம் வந்து விழுந்திருந்தது: "பறவைக் காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவத் தொடங்கியது! அனைவருக்கும் பகிரவும்!" தேதி கிடையாது, இடம் கிடையாது, யார் சொன்னார்கள் என்பதும் கிடையாது. பெரியம்மா கேட்டது ஒரே கேள்வி. "ஏம்ப்பா, இது நெசமா? இன்னொரு கொரோனாவா?"

"இல்லை பெரியம்மா, வதந்தி" என்று தட்டிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். தட்டத்தான் போனேன். ஆனால் அந்த "இல்லை" முக்கால் உண்மைதான். மிச்சமிருக்கும் கால் பங்கைச் சொல்லாமல் விடுவதால்தான் இந்த மாதிரிப் படங்களுக்கு இவ்வளவு மவுசு என்று எனக்கு ஒரு எண்ணம். அதனால்தான் இந்த நீளப் பதிவு.

நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. தொற்றுவது, பரவுவது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டிக்கொண்டால் அது தொற்று. அந்த இன்னொருவர் மூன்றாமவருக்குக் கொடுத்து, அவர் பத்துப் பேருக்குக் கொடுத்து, எங்கே தொடங்கியது என்றே தெரியாத அளவுக்குப் போனால் அது பரவல். தலைப்பு போடுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். எச்5என்1 பறவைக் காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றியிருக்கிறது, அதுவும் சில முறை. பரவியதில்லை.

2004இல் தாய்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். காம்பெங் பெட் மாகாணத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி. வீட்டுக் கோழிகள் செத்துக்கொண்டிருந்தன; சில நாளில் அவளுக்கும் காய்ச்சல் கண்டது. தொலைவில் ஒரு நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்தார். அவர் அந்தக் கோழிகளைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. மகளின் மருத்துவமனைக் கட்டிலருகே பதினாறு, பதினெட்டு மணி நேரம் இருந்தார். முகக்கவசம் கிடையாது, கையுறை கிடையாது. மகள் இறந்தாள். பிறகு அம்மாவும் நிமோனியா கண்டு இறந்தார். சிறுமி தங்கியிருந்த வீட்டுப் பெண்மணி, அம்மாவோடு சேர்ந்து அவளைப் பார்த்துக்கொண்ட உறவினர், அவருக்கும் சில நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. மகளிடமிருந்துதான் இருவருக்கும் தொற்றியிருக்க வேண்டும் என்று மறு ஆண்டு மருத்துவ இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

சங்கிலி அங்கேயே அறுந்தது. நான்காவது ஆள் இல்லை.

2006இல் இந்தோனேசியாவின் வடக்குச் சுமாத்திராவில் ஒரே பெரிய குடும்பத்தில் எட்டுப் பேருக்கு வந்து ஏழு பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதில் பத்து வயதுப் பையன் ஒருவன். அவனைப் பக்கத்திலிருந்து கவனித்த அப்பாதான் கடைசியாக நோயுற்றவர். அங்கும் குடும்பத்தைத் தாண்டி அது வெளியே வரவில்லை. இந்த இரண்டு கதையிலும் தொற்றியது யாருக்கு என்று பாருங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும் அப்பாவுக்கும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு அல்ல.

ஏன் அப்படி? மனிதருக்கு வழக்கமாக வரும் ஃப்ளூ வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஒருவகைச் சர்க்கரை மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது. பறவை வைரஸுக்குப் பிடிமானம் வேறொரு வகைச் சர்க்கரை. அது நம் உடம்பில் நுரையீரலின் அடியாழத்தில்தான் நிறைய இருக்கிறது, கண்ணிலும் இருக்கிறது. அடியாழத்தில் போய் உட்கார்வதால்தான் ஆளைக் கொல்கிறது. அதே அடியாழத்தில் கிடப்பதால்தான் ஒரு தும்மலில் வெளியே வந்து அடுத்தவர் மூக்கில் ஏற முடிவதில்லை. நம்மைக் கொல்வதும் நம்மைக் காப்பதும் ஒரே காரணம் என்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் இதன் மறுபக்கம் இருக்கிறதே. வைரஸ் கொஞ்சம் மாறி மேலே, மூக்குக்கு, ஏறி வந்தால் கொல்லும் வேகம் குறையக்கூடும். பரவும் வேகம் கூடும். 2011இல் நெதர்லாந்தில் வைரஸ் ஆய்வாளர் ரான் ஃபூஷியேயின் குழு ஃபெரெட் என்ற சிறு விலங்குகளில் இதைச் செய்து பார்த்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாற்றங்களோடு எச்5என்1 காற்று வழியே ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்குப் போனது. காற்றில் வாங்கிக்கொண்ட விலங்குகள் சாகவில்லை. இந்த ஆய்வை வெளியிடலாமா கூடாதா என்று உலகமே ஒரு வருடம் சண்டை போட்டது தனிக் கதை. 2024 டிசம்பரில் இன்னொரு ஆய்வு: அமெரிக்க மாடுகளுக்கும் தொற்றி அவற்றுக்குள் சுற்றும் எச்5என்1 வைரஸின் மேற்புரதத்தில் ஒரே ஓர் இடம் மாறினால் அதன் பிடிமானம் பறவைச் சர்க்கரையிலிருந்து மனிதச் சர்க்கரைக்கு மாறிவிடுகிறது. அது ஒன்று மட்டும் போதாது. வேறு சில மாற்றங்களும் கூடி வரவேண்டும். இருந்தாலும், ஒன்று!

"இறப்பு விகிதம் குறைந்தால் நல்லதுதானே" என்று ஒரு நண்பர் கேட்டார். 1918 ஃப்ளூ தொற்றியவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் உலகில் மூன்றில் ஒருவருக்குத் தொற்றியதால் இறந்தவர் தொகை ஐந்து கோடி என்பது பரவலான மதிப்பீடு. சதவீதத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் கொஞ்சம் பெருக்கியும் பார்க்க வேண்டும்.

சரி, பறவைக் காய்ச்சல் வந்தால் பாதிக்குப் பாதி சாவு என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்குக்கு வருவோம். 2003 முதல் உலகச் சுகாதார நிறுவனத்திடம் பதிவானவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். இறந்தவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. கேட்டாலே நெஞ்சு அடைக்கும் எண். ஆனால் அது மருத்துவமனை வரை வந்து, பரிசோதனை செய்து, ஏட்டில் ஏறியவர்களின் கணக்கு. வராதவர்கள் எத்தனை பேர்? 1997இல் ஹாங்காங்கில் முதன்முதலாக 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். அரசு சில நாட்களில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழித்தது. அந்த நோயாளிகளைக் கவனித்த மருத்துவ ஊழியர்களின் இரத்தத்தைப் பின்னால் சோதித்தார்கள். 217 பேரில் 8 பேருக்கு வைரஸ் வந்துபோன தடயம். சத்தமே இல்லாமல் வந்து போயிருக்கிறது. 2024இல் அமெரிக்காவின் இரண்டு மாநிலங்களில் நோய் கண்ட மாட்டுப் பண்ணைகளின் தொழிலாளர்கள் 115 பேரைச் சோதித்தபோதும் 8 பேருக்கு அதே தடயம். அந்த எட்டில் நான்கு பேருக்கு உடம்பு சரியில்லாமல் போன நினைவே இல்லை.

அந்தத் தொழிலாளிகளைப் பற்றித்தான் உண்மையில் எனக்குப் பேச வேண்டும். இவ்வளவு நேரமும் அவர்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தேன்.

பெரிய பண்ணைகளின் பால் கறக்கும் கூடங்களில் மாடுகள் மேடையில் நிற்கும், கறப்பவர் பள்ளத்தில் நிற்பார். மடி அவர் கண் மட்டத்தில் இருக்கும். இந்த வைரஸ் மாட்டின் மடியில்தான் கூடாரம் போடுகிறது; ஒரு சொட்டுப் பாலில் கணக்கில்லாமல் கிடக்கிறது. குழாயைக் கழற்றும்போது பால் தெறித்தால் நேரே கண்ணுக்கு. கண்ணில் பறவை வைரஸுக்குப் பிடித்த அந்தச் சர்க்கரை இருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? அமெரிக்காவில் 2024 முதல் பதிவான எழுபதுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கண் சிவந்து நீர் வடிந்ததோடு சரியாகிவிட்டது இதனால்தான். 2003இல் நெதர்லாந்தில் எச்7என்7 என்ற இன்னொரு பறவை வைரஸிலும் இதே கதை: 89 பேருக்குத் தொற்று, பெரும்பாலும் கண் நோய். அதில் மூன்று பேர் கோழிப்பண்ணைத் தொழிலாளிகளின் வீட்டார். ஒரு கால்நடை மருத்துவர் இறந்தும் போனார்.

கண் சிவந்தால் யார் மருத்துவரிடம் போகிறார்கள்? அதுவும் அந்தப் பண்ணைகளில் வேலை செய்கிறவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் போனவர்கள். கணிசமானவர்களிடம் அங்கே சட்டப்படி தங்குவதற்கான காகிதம் இல்லை. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. அவர் வந்து "எனக்குக் கண் சிவந்திருக்கிறது, சோதித்துப் பாருங்கள்" என்று சொல்வார் என்ற நம்பிக்கையின் மேல்தான் உலகத்தின் முன்னெச்சரிக்கை ஏற்பாடு பாதி நிற்கிறது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று. 2020இல் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு, கேமராவை அணைத்துவிட்டு, அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேலை போகாது, சம்பளம் நிற்காது, யாரும் நாடு கடத்தமாட்டார்கள். "அறிகுறி இருந்தால் மறைக்காதீர்கள்" என்று அதற்கு முந்தைய வாரம்தான் இதே பக்கத்தில் ஒரு பதிவு போட்டிருந்தேன். அக்கம்பக்கத்தார் பார்க்கும் பார்வைக்குப் பயந்து ஒளித்தேன், அவ்வளவுதான். அந்த நான், பள்ளத்தில் நிற்கும் அந்த ஆள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்க முடியாது.

முதலாளிக்கும் இதே பயம்தான். கோழிப்பண்ணையில் நோய் என்று சொன்னால் மொத்தக் கோழியும் போகும். இழப்பீடு நேரத்துக்கு வரும் என்ற உறுதி இல்லாத இடங்களில் சொல்லாமல் விற்றுவிடுவதுதான் அவருக்கு லாபம். இதைக் குற்றம் என்று திட்டலாம். திட்டினால் தகவல் வராது. அமெரிக்க மாடுகளுக்குள் வைரஸ் 2023 கடைசியிலேயே புகுந்துவிட்டது என்று மரபணு ஆய்வு சொல்கிறது. கண்டுபிடித்து அறிவித்தது 2024 மார்ச் 25. நாடு தழுவிய பால் சோதனைக்கு உத்தரவு வந்தது அந்த டிசம்பரில். பணத்துக்கும் ஆய்வகத்துக்கும் குறைவில்லாத நாட்டிலேயே ஒரு வருடம்!

அதனால் "பரவுகிறதா, இல்லையா" என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்களிடம் என் கேள்வி: பரவினால் நமக்கு யார் சொல்வார்கள்? காய்ச்சல் விடுப்புக்குக் கூலி, சோதனைக்கு வந்தவரின் பெயரை வெளியே விடாத ஒழுங்கு, பண்ணைக்காரருக்கு உடனடி இழப்பீடு, இவற்றையெல்லாம் நான் தடுப்பூசிக்குச் சமமாக வைப்பேன். தடுப்பூசியும் வேண்டும்தான். பின்லாந்து 2024இல் பறவைகளோடும் விலங்குகளோடும் வேலை செய்கிறவர்களுக்கு முதன்முதலாகப் போட ஏற்பாடு செய்தது. சாதாரண ஃப்ளூ தடுப்பூசியைக்கூடப் பண்ணை ஆட்களுக்குப் போடுவது புத்திசாலித்தனம். ஒரே ஆளின் உடம்பில் மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே நேரத்தில் நுழைந்தால் இரண்டும் மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் போட்டுக்கொள்ளும். 1957, 1968 பெருந்தொற்று வைரஸ்கள் பறவை ஃப்ளூவின் துண்டுகளை வாங்கிக்கொண்டு வந்தவைதான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "இருபது வருஷமா இதையேதான் சொல்றாங்க, புலி வருது புலி வருதுன்னு" என்கிறவர்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2005இல் ஐ.நா. பொறுப்பில் இருந்த டேவிட் நபரோ 50 இலட்சம் முதல் 15 கோடிப் பேர் வரை சாகலாம் என்றார். உலகச் சுகாதார நிறுவனமே அந்த எண்ணிலிருந்து விலகி நின்றது. 1976இல் அமெரிக்கா பன்றிக் காய்ச்சல் வரப்போகிறது என்று நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டது. காய்ச்சல் வரவில்லை, சிலருக்கு நரம்புக் கோளாறு வந்ததுதான் மிச்சம். ஆனால் 1997இல் ஹாங்காங் அந்தக் கோழிகளை அழிக்காமல் இருந்திருந்தால்? வராமல் தடுத்ததும் வராமலே போனதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பதற்றக்காரர்களுக்கும் ஒன்று. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசௌரியில், எந்த விலங்கோடும் பழகாத ஒருவருக்கு எச்5 வைரஸ். அதே வீட்டில் இன்னொருவருக்கும் உடம்பு சரியில்லை. மருத்துவமனை ஊழியர்கள் சிலருக்கும் இருமல், சளி. வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். இரத்தப் பரிசோதனையில் ஊழியர்களுக்கு ஒன்றும் இல்லை. வீட்டார் இருவருக்கும் அறிகுறி தொடங்கியது ஒரே நாளில். ஒருவர் மற்றவருக்குக் கொடுத்திருந்தால் நடுவே சில நாள் இடைவெளி இருந்திருக்கும். இருவரும் ஒரே இடத்திலிருந்து வாங்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். சோதித்ததால்தான் அந்த முடிவு.

கோழிக்கறி, முட்டை, பால் என்று கேட்பவர்களுக்கு: நன்றாக வேகவைத்தால் வைரஸ் சாகும், 70 டிகிரி வெப்பம் உள்ளே வரை ஏற வேண்டும். காய்ச்சாத பால் வேண்டாம். டெக்சாஸில் பண்ணைப் பூனைகள் அதைக் குடித்துச் செத்திருக்கின்றன. செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள்.

இதையெல்லாம் சுருக்கிப் பெரியம்மாவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். சுருக்கியும் ஆறு நிமிடம். சர்க்கரை, பிடிமானம், மடி எல்லாம் அதில் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"எல்லாம் கேட்டேன்ப்பா. அந்தத் தாய்லாந்துப் பாப்பாவ இன்னொருத்தியும் பாத்துக்கிட்டான்னு சொன்னியே, அவ என்ன ஆனா?"

பிழைத்துக்கொண்டார், பெரியம்மா.