ரோஜர் வில்லியம்ஸையும் மேரி டயரையும் சேர்க்க வேண்டும்

மத சுதந்திரம் தேடி இங்கிலாந்திலிருந்து வந்த பியூரிட்டன்கள்தான் (ஆங்கிலேயத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த நினைத்த கிறிஸ்தவர்கள்) அமெரிக்காவில் அதற்கு வித்திட்டார்கள் என்கிறது உங்கள் கட்டுரை. என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவர்கள் கேட்டது தங்கள் வழிபாட்டுக்கான சுதந்திரம் மட்டுமே.

மனசாட்சி விஷயத்தில் அரசு தலையிடக் கூடாது என்றார் பாதிரியார் ரோஜர் வில்லியம்ஸ். பூர்வகுடிகளின் நிலத்தை இங்கிலாந்து மன்னர் எப்படி எடுத்துக் கொடுக்கலாம் என்றும் கேட்டார். 1635-ல் பியூரிட்டன்கள் ஆண்ட மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் நீதிமன்றம் அவரை வெளியேற்றத் தீர்ப்பளித்தது. கடும் பனியில் கிளம்பியவருக்கு அடைக்கலம் தந்தது அந்தப் பூர்வகுடிகள்தான். நாரகான்செட் என்ற பூர்வகுடியின் தலைவர்களிடம் நிலம் பெற்று 1636-ல் பிராவிடன்ஸ் ஊரை உருவாக்கினார். இன்றைய ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தொடக்கம் அது.

மேரி டயருக்கு நடந்தது இன்னும் கொடுமை. அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். வெளியேற்றப்பட்ட குவேக்கர்கள் திரும்பி வந்தால் மரண தண்டனை என்று மாசசூசெட்ஸில் சட்டம் இருந்தது. அதன்படி 1659-ல் பாஸ்டனில் அவரைத் தூக்குமேடை ஏற்றினார்கள். கூட வந்த இரண்டு குவேக்கர்களும் கண்ணெதிரே தொங்க, கழுத்தில் கயிற்றோடு நின்றவரைக் கடைசி நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். சரி, உயிர் பிழைத்தோம் என்று அவர் ஒதுங்கவில்லை. அந்தச் சட்டத்தை எதிர்க்கவே அடுத்த ஆண்டு திரும்பி வந்தார். 1660 ஜூன் 1 அன்று தூக்கிலிட்டுவிட்டார்கள்.

அப்புறம் 1661-ல் கடிதம் அனுப்பி இந்தத் தூக்குகளை நிறுத்தச் சொன்னவர் மன்னர் இரண்டாம் சார்லஸ். அவருடைய அப்பாவின் ஆட்சியில் நெருக்கடி தாங்காமல்தான் பியூரிட்டன்கள் கப்பலேறினார்கள். இதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள் ஐயா.