துடிப்பு குறைவது வேறு, இதயம் நிற்பது வேறு

"ரெம்டெசிவிர் ஏற்றினால் இதயம் நின்றுவிடும், தருமபுரிக்காரர்கள் யாரும் போட்டுக்கொள்ளாதீர்கள்" என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். ரெம்டெசிவிர் என்பது கொரோனாவுக்கு ஏற்றும் மருந்து. அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. அதுதான் எனக்குக் கவலை. அந்த மருந்தால் சிலருக்கு நாடித்துடிப்பு குறையும். ஐரோப்பிய மருந்து முகமையே 2021-இல் அதைப் பக்கவிளைவாகச் சேர்க்கச் சொன்னது. ஆனால் மருந்து முடிந்த 4 நாட்களுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். என் சித்தப்பாவின் கட்டிலருகே நின்றிருந்தேன். மானிட்டரில் 78 என்றிருந்த எண் மூன்றாம் நாள் 50-க்கு இறங்கியது. ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு மருத்துவர் மருந்தை நிறுத்தினார். இரண்டே நாளில் 70-ஐத் தாண்டியது. ஏற்கெனவே இதய நோய் இருந்தாலோ, நாடித்துடிப்பைக் குறைக்கும் அட்டெனோலால் போன்ற மாத்திரை சாப்பிட்டாலோ ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள். தலைசுற்றினால், மயக்கம் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.