காவல்கிணற்றில் ஒரு பஞ்சர்

(இடம்: காவல்கிணறு விலக்கு. திருநெல்வேலியிலிருந்து தெற்கே வரும் நாற்கரச் சாலையில் நேரே போனால் கன்னியாகுமரி. வலது பக்கம் திரும்பினால் முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில். நேரம்: ஆடி மாதத்துப் பகல் இரண்டு மணி. ஓரமாக ஓலைக்கொட்டகை போட்ட ஒரு சைக்கிள் கடை. கொட்டகை இருக்கிறது, ஓலையில் பாதி காற்றோடு போய்விட்டது. தலையில் ஹெல்மெட்டும் தொடையைக் கவ்விய கால்சட்டையுமாக சரவணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான்.)

சரவணன்: அண்ணாச்சி, பஞ்சர் ஒட்டணும்.

அண்ணாச்சி: ஒட்டிடுவோம். ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்க.

சரவணன்: இந்த வண்டிக்கு ஸ்டாண்டு கிடையாது. வெயிட்.

அண்ணாச்சி: வெயிட் பண்ணிக்கொண்டுதானே இருக்கிறேன். காரணத்தைச் சொல்லுங்க.

சரவணன்: காரணமே அதுதான் அண்ணாச்சி. கனம். தூரப் பயணத்தில் ஒவ்வொரு கிராமும் கணக்கு. பல் துலக்குகிற பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக அறுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

அண்ணாச்சி: (அவன் தொந்தியை ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டு) பிரஷ்ஷை அறுத்தீர்கள். சரி. எங்கேயிருந்து வருகிறீர்கள்?

சரவணன்: சென்னை!

அண்ணாச்சி: அதைக் கேட்கவில்லை. எங்கேயிருந்து தள்ளிக்கொண்டு வருகிறீர்கள்?

சரவணன்: (குரல் இறங்கி) பணகுடி தாண்டிக் கொஞ்ச தூரத்திலிருந்து.

அண்ணாச்சி: அப்படியென்றால் சென்னையிலிருந்து சைக்கிளிலேயா? கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் இருக்குமே! ஏன் தம்பி, வீட்டில் ஏதும் சண்டையா?

சரவணன்: சண்டையெல்லாம் இல்லை. தனியாக ஒரு பயணம். அவ்வளவுதான்.

அண்ணாச்சி: நேர்ச்சையா?

சரவணன்: இல்லை.

அண்ணாச்சி: பந்தயமா? யாராவது காசு தருகிறார்களா?

சரவணன்: நான்தான் செலவு செய்கிறேன்.

அண்ணாச்சி: (சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தபடி) சவத்தை விடுங்க. இன்றைக்கு எங்கே கிளம்பினீர்கள்?

சரவணன்: கோவில்பட்டியில், விடியற்காலை ஐந்து மணிக்கு. வழியில் தெம்புக்காகக் கால் கிலோ கடலைமிட்டாய் வாங்கினேன். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் ஆயிற்றே!

அண்ணாச்சி: இருக்கிறதா?

சரவணன்: கயத்தாறு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. கனத்தைக் குறைக்கத்தான்.

அண்ணாச்சி: குறையவில்லையே தம்பி, இடம்தானே மாறியிருக்கிறது.

சரவணன்: கயத்தாற்றில் கட்டபொம்மன் சிலையைப் பார்த்தேன். 1799-இல் கிஸ்தி கட்ட மாட்டேன் என்றவரைத் தூக்கில் போட்ட ஊர். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அண்ணாச்சி: அந்த ஊர்ப் பக்கத்திலேதான் இப்போது டோல்கேட் வைத்திருக்கிறார்கள்.

சரவணன்: அதையும் பார்த்தேன்! கார்க்காரர்களெல்லாம் வரிசையில் நின்று கப்பம் கட்டுகிறார்கள். நான் ஓரமாக, ஒரு பைசா கட்டாமல், மீசையை முறுக்கிக்கொண்டு வந்தேன்.

அண்ணாச்சி: சைக்கிளுக்கு அங்கே யாருமே காசு கேட்க மாட்டார்கள்.

சரவணன்: அது எனக்குத் தெரியும். மீசைக்குத் தெரியாது.

(அண்ணாச்சி டயரைக் கழற்றி டியூபை உருவுகிறார். அதன் மூக்கைப் பார்த்ததும் கை நின்றுவிடுகிறது.)

அண்ணாச்சி: இது என்ன, ஊசி மாதிரி ஒரு வால்வு? நம் வால்டியூப் எங்கே?

சரவணன்: இது பிரெஸ்டா வால்வு. நுனியில் இருக்கிற திருகைத் தளர்த்திவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும்.

அண்ணாச்சி: என் பம்பு இதில் உட்காராது. நம் டியூபையே மாட்டிவிடலாம் என்றால் அது தடிமன், உங்கள் ரிம்மில் இருக்கிற ஓட்டைக்குள் நுழையாது. பார்த்தீர்களா, ஆடி மாதத்துக் காவல்கிணற்றில் உட்கார்ந்துகொண்டு டியூபுக்குக் காற்றில்லை என்கிறோம்!

சரவணன்: என்னிடம் பம்பு இருக்கிறது. (சாண் நீளத்தில் ஒன்றை எடுக்கிறான்.)

அண்ணாச்சி: இதுவா? இதையும் அறுத்துவிட்டீர்களா?

சரவணன்: இதன் அளவே அவ்வளவுதான். ஒரு முந்நூறு தடவை அடித்தால் டயர் நிறைந்துவிடும்.

அண்ணாச்சி: அடிங்க, நான் தடுக்கவில்லை. அதற்கு முன்னால் ஓட்டையை அடைக்க வேண்டும். பஞ்சர் சாமான் கொண்டுவரவில்லையா?

சரவணன்: எல்லாம் இருக்கிறது. ஆனால் சொல்யூஷன் டியூபைத் திறந்து பார்த்தால் உள்ளே காய்ந்து கட்டியாகிவிட்டது. மாற்று டியூபையும் காலையில் கங்கைகொண்டானில் மாட்டிவிட்டேன்.

அண்ணாச்சி: காலையிலேயே ஒரு பஞ்சரா? இதே சக்கரமா?

சரவணன்: ஆமாம்.

(அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. பழைய பனியன் துணி ஒன்றை எடுத்து டயரின் உட்பக்கம் வைத்து மெல்ல ஒரு சுற்று ஓட்டுகிறார். முக்கால் சுற்றில் துணி எதிலோ மாட்டி நிற்கிறது. குறட்டால் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறார். அரிசி மணி நீளத்துக்கு, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒரு கம்பி வருகிறது.)

அண்ணாச்சி: லாரி டயர் வெடித்துச் சாலையில் சிதறுகிறது பாருங்க, அதற்குள் பின்னியிருக்கிற கம்பி இது. கண்ணுக்குத் தெரியாது. இதை உள்ளேயே விட்டுவிட்டு டியூபை மட்டும் மாற்றினால் அதையும் குத்தத்தானே செய்யும்?

சரவணன்: இது கங்கைகொண்டானிலிருந்து கூடவே வந்ததா?

அண்ணாச்சி: வந்திருக்கிறதே. நீங்கள்தான் தனியாக வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரவணன்: தனியா? எங்கே அண்ணாச்சி விடுகிறார்கள்! தனிமையைத் தேடித்தான் வந்தேன். பைக்கில் போகிற ஒவ்வொருவரும் வேகத்தைக் குறைத்து, எந்த ஊர், என்ன விலை, கியர் எத்தனை என்று கேட்கிறார்கள். திருநெல்வேலி பைபாஸில் ஒருவர் ஐந்து கிலோமீட்டர் கூடவே வந்து தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை முழுவதையும் சொன்னார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு ‘உம்’ கொட்டியதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, ஜாதகம் இருக்கிறதா என்று கேட்டார்.

அண்ணாச்சி: கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்ல வேண்டியதுதானே?

சரவணன்: சொல்லித்தான் தப்பித்தேன். அப்புறம் வீட்டிலிருந்தே போன் வந்துவிட்டது. அவள் செல்போனில் நான் இருக்கிற இடம் புள்ளியாகத் தெரியும். ‘அரை மணி நேரமாகப் புள்ளி நகரவில்லையே, எந்த ஹோட்டல்’ என்று கேட்டாள். ஹோட்டலில்லை, நான் நாங்குநேரி தாண்டி உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தேன்!

அண்ணாச்சி: அங்கேதான் காற்று பிடித்திருக்கும்.

சரவணன்: அதுவரைக்கும் அருமையாக வந்தேன். அப்புறம் வலது பக்கத்திலிருந்து யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. நல்லவேளையாக ஒரு டிவிஎஸ் எக்ஸல் வந்தது. பின்னால் ஒரு வாழையிலைக் கட்டு, ஆள் உயரத்துக்கு. அதன் மறைவில் ஒட்டிக்கொண்டேன். காற்றே இல்லை. சொர்க்கம்.

அண்ணாச்சி: எவ்வளவு தூரம்?

சரவணன்: வள்ளியூர் வரைக்கும் போகலாம் என்று நினைத்தேன். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வேகத்தைக் கூட்டினார், நானும் கூட்டினேன். ஒரு சந்தில் திரும்பினார், கண்ணை மூடிக்கொண்டு நானும் திரும்பிவிட்டேன். வண்டியை நிறுத்தி, ‘வெள்ளிக்கிழமை கண்டிப்பாகத் தருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லுங்க, வீட்டுக்கு மட்டும் வரவேண்டாம்’ என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அண்ணாச்சி: (சிரித்துக்கொண்டே) கண்ணாடி போட்டவனா? காக்கி டவுசர்?

சரவணன்: ஆமாம், தெரியுமா?

அண்ணாச்சி: எனக்கும் இரண்டு பஞ்சர் பாக்கி. நீங்கள் வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் இருப்பீர்களா?

(டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுகிறார். காய்வதற்காக வெளியே நீட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை.)

அண்ணாச்சி: ஏன் தம்பி, ஒன்று கேட்கிறேன். கன்னியாகுமரிக்கு ரயிலில் வந்து, இங்கிருந்து சென்னைக்கு மிதித்திருந்தால் இந்தக் காற்று உங்களைத் தள்ளிவிட்டிருக்குமே?

சரவணன்: அப்புறம் சென்னையில் போய் எங்கே போட்டோ எடுப்பது? கோயம்பேட்டிலா? நாடு முடிகிற இடத்தில் எடுத்தால்தானே மதிப்பு! காற்றைப் பற்றியெல்லாம் எனக்குத் தெரியும் அண்ணாச்சி. நான் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன், எதிரே காற்று 30-இல் வருகிறது என்றால் என் மேல் படுவது 45. வேகம் மூன்று மடங்கானால் எதிர்ப்பு ஒன்பது மடங்கு.

அண்ணாச்சி: இந்தக் கணக்கு சென்னையில் இருக்கும்போதே தெரியுமா?

சரவணன்: ஓ, நன்றாகத் தெரியும்.

அண்ணாச்சி: தெரிந்துமா ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்க்க வந்தீர்கள்? அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்காற்று மட்டும் மலைச் சந்து வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும். முப்பந்தலில் 1,500 மெகாவாட்டுக்குக் காற்றாடி நட்டிருக்கிறார்களே, அழகுக்கா?

சரவணன்: ஆபீசில் இப்போதுதான் லீவு கிடைத்தது.

அண்ணாச்சி: அந்த மலை தெரிகிறதா? மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோவில் ராக்கெட் எஞ்சினைக் கட்டிப்போட்டு ஓடவிட்டுப் பார்ப்பார்கள். முழு வேகத்தில் எரியும். ஆனால் ஓர் அங்குலம் நகராது.

சரவணன்: பணகுடிக்கு அப்புறம் நானும் அப்படித்தான் வந்தேன்.

அண்ணாச்சி: சரி, இனிமேல் எந்த வழி?

சரவணன்: முப்பந்தல் வழி. காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே நாகர்கோவில் போய், அங்கிருந்து கன்னியாகுமரி.

அண்ணாச்சி: அந்த ரோட்டை ஒரு தடவை நன்றாகப் பாருங்க. காற்றாடிகளெல்லாம் நமக்கு முகத்தைக் காட்டுகிறதா, முதுகைக் காட்டுகிறதா?

சரவணன்: (கண்ணைச் சுருக்கி) முதுகைத்தான்.

அண்ணாச்சி: அதன் முகம் எப்போதும் காற்று வருகிற பக்கம்தான் இருக்கும். முகம் காட்டினால் நமக்கு அனுகூலம், முதுகைக் காட்டினால் நாம் போகாமல் இருப்பதே மரியாதை. சொந்தக்காரர்கள் மாதிரிதான். நேரே கன்னியாகுமரி ரோட்டைப் பிடிங்க. அங்கே காற்று வலது பக்கத்திலிருந்து அடிக்கும். அதில் ஒரு சங்கதி இருக்கிறது. காற்றுக்கு ஈடுகொடுத்து வலது பக்கம் சாய்ந்தே ஓட்டுவீர்கள். லாரி ஒன்று தாண்டும்போது அது காற்றை மறைத்துவிடும். சாய்ந்த மனிதருக்கு முட்டு இல்லை.

சரவணன்: லாரி பக்கமே விழுவேனே!

அண்ணாச்சி: அதைத்தான் சொல்கிறேன். லாரி வரும் சத்தம் கேட்டால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டிவிடுங்க. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், நீங்கள் பிரஷ்ஷையெல்லாம் அறுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வண்டியில் கொஞ்சமாவது பாரம் வேண்டாமா?

சரவணன்: பாரத்துக்கு இப்போது எங்கே போவது?

(அண்ணாச்சி அதற்குள் கடைக்குள்ளே போய்விட்டார். சரவணன் பம்பு அடிக்கத் தொடங்குகிறான். எண்பதில் நிறுத்தி மூச்சு வாங்குகிறான். அண்ணாச்சி சாக்கில் சுற்றிய எதையோ இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வருகிறார்.)

சரவணன்: இது என்ன அண்ணாச்சி?

அண்ணாச்சி: குழவி. என் மகள் வீடு மகாதானபுரம், நீங்கள் போகிற வழிதான். போன மாதம் அம்மியை வேனில் ஏற்றி அனுப்பினோம், இது மட்டும் நின்றுவிட்டது. பாவம், ஒரு மாதமாக அம்மியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சரவணன்: ஐந்து கிலோ இருக்கும் போலிருக்கிறதே!

அண்ணாச்சி: நாலரைதான். இடது பக்கப் பையில் போட்டால் வண்டி அந்தப் பக்கமே சாயும், வலது பக்கம் போட்டால் காற்றுக்குச் சரியாக இருக்கும். (போட்டே விடுகிறார்.) பஞ்சருக்குக் காசு வேண்டாம், வைத்துக்கொள்ளுங்க. மகளிடம் போன் செய்து சொல்லிவிட்டேன். ஆறு மணிக்கு டீ போட்டு வைத்திருப்பாள்.

சரவணன்: ஆறு மணிக்கா? நான் சூரியன் மறைவதைப் போட்டோ எடுக்கணும் அண்ணாச்சி!

அண்ணாச்சி: அப்படியென்றால் வேகமாக மிதிங்க. புள்ளி நகரவில்லை என்று வீட்டில் தேடுவார்கள்.

(மீதி இருநூற்று இருபதையும் அடித்து முடித்து, சரவணன் வண்டியை நிமிர்த்துகிறான். உண்மையிலேயே ஆடாமல் நிற்கிறது. அவனுக்கே ஆச்சரியம்.)

அண்ணாச்சி: பார்த்தீர்களா? ஸ்டாண்டே வேண்டாம். சரி, திரும்பி எப்படி, இதே சைக்கிளிலா?

சரவணன்: ஐயோ இல்லை. ரயில்தான். சைக்கிளைப் பார்சலில் போட்டுவிடுவேன்.

அண்ணாச்சி: ரயிலா! அப்போது கனமே பிரச்சினை இல்லை. மகள் வீட்டில் ஓர் ஆட்டுக்கல் சும்மாவே கிடக்கிறது. என் தங்கை வீடு தாம்பரத்தில்தான் இருக்கிறது.