இரண்டு இருக்கை, ஒரு ஆள்

2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் இறங்க வந்த விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். அன்று அங்கே கட்டுப்பாட்டு டவரில் விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் வழிகாட்ட ஒரே கன்ட்ரோலர்தான். இரண்டு இருக்கைகளைச் சேர்த்து ஒருவரிடம் கொடுப்பது அங்கே விதிமீறல் இல்லை, வழக்கம். எனக்கு உறுத்துவது இந்த வழக்கம்தான்.

ஆள் பற்றாக்குறையால் மட்டுமே அந்த விபத்து என்று சொல்ல மாட்டேன். ஹெலிகாப்டர் பாதையை விமானம் இறங்கும் வழிக்கு அவ்வளவு பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஆனால் இதே கதையை முன்பே பார்த்திருக்கிறோம். 2002 ஜூலை 1 இரவு, தெற்கு ஜெர்மனியின் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சுவிட்சர்லாந்தின் சூரிக் கட்டுப்பாட்டு மையத்தில் பணியில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வெடுக்கப் போய்விட்டார். மற்றவர் இரண்டு திரைகளுக்கு நடுவே அல்லாடினார். போதாததற்குப் பராமரிப்பு வேலை, தொலைபேசி இணைப்பும் சரியாக இல்லை. இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். இரவில் ஒருவரே சமாளிக்கும் அந்தப் பழக்கம் நிர்வாகத்துக்குப் பல வருடங்களாகத் தெரியும், கண்டுகொள்ளவில்லை என்றது விசாரணை அறிக்கை.

சரி, ஆளை எடுக்க வேண்டியதுதானே? அமெரிக்காவில் புதிதாகச் சேர 31 வயது நிறைந்திருக்கக் கூடாது, 56-இல் ஓய்வு. பயிற்சிப் பள்ளியை முடித்த பிறகும் டவரில் பழகித் தேற வருடக்கணக்கில் ஆகும். அப்புறம், ஒரு டவரில் கரைகண்டவர் வேறு ஊருக்கு மாறினால் அங்கே மறுபடி மாணவர்தான். 1981-இல் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட கன்ட்ரோலர்களை அன்றைய அதிபர் ரீகன் ஒரேயடியாக நீக்கினார். அவர்களுக்குப் பதிலாக வந்தவர்கள் பின்னாளில் கூட்டம் கூட்டமாக ஓய்வு பெற, மறுபடி அதே பள்ளம். (அந்த வாஷிங்டன் விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். என்னத்தைச் சொல்ல!)

நியூயார்க்கில் ஆள் பிடிக்க முடியாமல், பக்கத்து நியூவார்க் விமான நிலையத்தின் வான்வெளியைக் கவனிக்கும் வேலையை 2024-இல் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். 2025 ஏப்ரல் 28 அன்று அங்கே சுமார் 90 விநாடிகள் ரேடார், ரேடியோ இரண்டும் போயின. அந்த அதிர்ச்சியில் சில கன்ட்ரோலர்கள் விடுப்பில் போனார்கள். அதன் பிறகுதான் யுனைடெட் விமான நிறுவனம் நியூவார்க்கில் தினமும் 35 போய்வரும் சேவைகளைக் குறைத்தது.

அந்தக் குறைப்பை ஏன் முன்பே செய்யவில்லை? எத்தனை கன்ட்ரோலர்கள் இருக்கிறார்களோ அதற்கேற்ப அட்டவணை போடட்டும். இங்கே அட்டவணையை முதலில் போட்டுவிட்டு, அதற்கு ஏற்றபடி மனிதர்களை இழுக்கிறார்கள். வாரம் ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று. விமானங்களைக் குறைத்தால் டிக்கெட் விலை ஏறும், பொங்கலுக்கு ஊருக்குப் போவதும் எனக்குக் கஷ்டமாகும். ஆகட்டும்.