வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

குழந்தை இறந்து பிறப்பதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியதே என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வீடு வீடாக வாசித்துக் காட்ட வேண்டும். இங்கே இன்னும் ‘ராசி சரியில்லை’, ‘கண் பட்டுவிட்டது’ என்று பெற்றவள் தலையிலேயே பழியைப் போடுகிறார்கள்.

உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் குழந்தைகள் 28 வாரக் கர்ப்பத்துக்குப் பிறகு இப்படி இறந்து பிறக்கின்றன. அதில் 40 சதவீதத்துக்கும் மேல் பிரசவ வலி எடுத்த பிறகு நேர்பவை. இதற்குக் காரணமாகக்கூடிய ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் மாதாந்திரப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நடவு வேலை இருக்கிறது, அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், ‘மாதம் நெருங்கினால் உள்ளே இடம் போதாது, அசைவு குறையத்தான் செய்யும்’ என்று பெரியவர்கள் சொல்வது தவறு. கடைசிவரை குறையக் கூடாது. என் அண்ணிக்கு ஒன்பதாம் மாதம் ராத்திரி அப்படி ஆனபோது, சோம்புத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். காலையில் ஸ்கேனில் துடிப்பு இல்லை. அந்த நேரத்திலேயே 108-ஐக் கூப்பிட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் அண்ணிக்குப் பால் கட்டிக்கொண்டது. பால் சுரக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குழந்தையின் முகத்தையும் காட்டாமல் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். தாய் விரும்பினால் குழந்தையைக் கையில் கொடுங்கள். இறந்த காரணத்தையும் மருத்துவர்கள் தேடிச் சொல்ல வேண்டும், அடுத்த பேறுகாலத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.