பழையபேட்டை வீட்டைப் பார்க்கப் போறவங்களுக்கு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில 1930-கள்ல கட்டின வீட்டைப் புதுப்பிச்சு விலைக்கு விட்டிருக்கிறதா உங்க பதிவுல எழுதியிருக்கீங்க. படத்துல சுவரெல்லாம் பளபளன்னு இருக்கு. எனக்கு அதுதான் உறுத்துது சார். அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். அது மேல சிமெண்ட் பூசி பெயிண்ட் அடிச்சா ஈரம் உள்ளேயே தங்கி, ரெண்டு மழைக்காலத்துல கொப்பளம் கொப்பளமா உரியும். எங்க தாத்தா வீட்டுல மேஸ்திரி பேச்சைக் கேட்டு இதைத்தான் பண்ணோம். அப்புறம் எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு மறுபடி சுண்ணாம்புக்கே வந்தோம். தண்டச் செலவு.

பார்க்கப் போறவங்க, கூரை மெட்ராஸ் டெரஸ்னா (மர உத்தரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டினது), உத்தரம் சுவருக்குள்ள போற முனையைத் தட்டிப் பாருங்க. செல்லரிச்சிருந்தா சத்தமே சொல்லிடும். ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைச்சிருந்தா ஒரு பலகையைக் கழட்டச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

தாய்ப்பத்திரத்துல 'சேலம் ஜில்லா'ன்னு இருந்தா பயப்பட வேணாம். 1965-ல தர்மபுரி தனி மாவட்டம் ஆகுறவரை நாம சேலம்தான். கிருஷ்ணகிரி பிரிஞ்சது 2004-ல. வாரிசுங்க எல்லாரும், முக்கியமா கட்டிக்கொடுத்த பொண்ணுங்களும், கையெழுத்துப் போட்டிருக்காங்களான்னு பாருங்க.

எதுக்கும் நடந்தே போயிடலாம்னு ஏரியா பத்தி நீங்க எழுதினது சரிதான். கோடையில சாயங்காலம் பக்கத்துல இருக்கிற மலைப் பாறைச் சூடு இறங்க நேரமாகும், அவ்வளவுதான். கார் வச்சிருக்கிறவங்க மட்டும் சந்து அகலத்தை அளந்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.

திண்ணையை இடிக்காம விட்டிருக்காங்களே, அதுக்கு ஒரு கும்பிடு.