கலிலியோவின் அந்த 58 நிமிடங்கள்

வியாழன் கோளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நாசாவின் ஜூனோ விண்கலம் அளந்ததைப் பற்றி உங்கள் கட்டுரையில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதற்கு முன்பே வியாழனின் காற்று மண்டலத்துக்குள் இறங்கிப் பார்த்த, கலிலியோ விண்கலம் அனுப்பிய ஆய்வுக்கலத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே, அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. 1995 டிசம்பர் 7 அன்று நொடிக்கு சுமார் 47 கி.மீ. வேகத்தில் பாய்ந்தது அது. 152 கிலோ வெப்பக் கவசத்தில் பாதிக்கு மேல் எரிந்தே போனது. அப்புறம் பாராசூட் விரிந்து, ஏறக்குறைய 58 நிமிடம், நம் தரைமட்டக் காற்றழுத்தத்தைப்போல் 20 மடங்குக்கும் மேலான அழுத்தத்தையும் 150 டிகிரி சூட்டையும் தாங்கிக்கொண்டு தகவல் அனுப்பியபடியே இறங்கியது, நினைத்தாலே சிலிர்க்கிறது!

தண்ணீர்தான் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவாகத் தெரிந்தது. அது கருவியின் தவறு இல்லை, விழுந்த இடம் அப்படி: மேகம் விலகிய வறண்ட பகுதி. 2016-ல் போய்ச் சேர்ந்த ஜூனோ மைக்ரோவேவ் கருவியால் மேகத்துக்கு அடியில் துழாவி, நடுக்கோட்டுப் பகுதியில் மூலக்கூறுகளில் சுமார் 0.25 சதவீதம் நீர் என்று காட்டியது. அந்த முடிவு 2020-ல்தான் வெளிவந்தது. கால் நூற்றாண்டு காத்திருப்பு! கலிலியோ இறங்கிய கதையைத் தனிக் கட்டுரையாக எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன்.